1 மி.லி. சிரிஞ்ச் வேண்டாம் என்கிறார்கள், என்ன செய்யலாம்?

போதை ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் ஊசி மாற்றுத் திட்டங்களில் களப்பணி செய்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். டேபன்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்களுக்கு 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்ச் போதவில்லை. கரைசல் அதிகம், மாத்திரை மாவு மெல்லிய ஊசியை அடைத்துவிடுகிறது. அதனால் 2 மி.லி.யே கேட்கிறார்கள்.

ஊசியைக் கழற்றி மாட்டும் அந்த 2 மி.லி. வகையில் சிரிஞ்சின் கழுத்தில் ரத்தம் தங்கிவிடும். ஹெபடைடிஸ் சி கிருமி அதில் வாரக்கணக்கில்கூடப் பிழைத்திருக்கலாம். பிளீச்சில் அலசினாலும் நம்ப முடியாது. புது ஊசி கொடுத்துவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. மாத்திரை கரைக்கும் மூடி, உறிஞ்சும் பஞ்சு, தண்ணீர் இவற்றில் ஒன்றைப் பகிர்ந்துகொண்டாலே தொற்றலாம்.

கழுத்தில் மிச்சம் தங்காத 2 மி.லி. சிரிஞ்ச் மொத்தமாக எங்கே கிடைக்கிறது? பஞ்சுக்குப் பதில் வடிகட்டி கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? ஊசி போட்ட இடத்தில் வரும் சீழ்க்கட்டி குறைந்ததா?