ஸ்பேஸ் போட்டு நேராகாத தமிழ்ப் பெயர்கள்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு அம்மாதான் கணக்கு பார்க்கிறார். கோடு போட்ட நீள நோட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரலாமே என்று பைத்தானில், அதன் திரைச் சாளரக் கருவித் தொகுப்பான டிகிண்டர் வைத்து, ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். எண், பெயர், சேமிப்பு, கடன் பாக்கி என்று நான்கே பத்திகள்.

டெக்ஸ்ட் விட்ஜெட்டில் (எழுத்தைக் காட்டும் பெட்டி) எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள கூரியர் நியூ எழுத்துருவை வைத்து, பின்னால் ஸ்பேஸ் நிரப்பும் எல்ஜஸ்ட் கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் 20 இடம் ஒதுக்கினேன். சோதனைக்கு ஆங்கிலத்தில் பெயர் அடித்தபோது தொகைகள் நூல் பிடித்தது போல நின்றன. அம்மா தமிழில் பெயர்களைச் சேர்த்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. "யாருக்கு எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சுப் பாக்க வேண்டியிருக்கேப்பா" என்றார். பணம் சம்பந்தப்பட்ட இடம். ஒருவர் தொகையை இன்னொருவர் பெயருக்கு நேரே படித்துவிட்டால் குழுவில் மனஸ்தாபம்தான்.

மீனாட்சி நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. பைத்தானுக்கு 8. ம, ஈகாரக் குறி, ன, கால், ட, புள்ளி, ச, இகரக் குறி எல்லாமே தனித்தனி. அதனால் 12 ஸ்பேஸ்தான் போடுகிறது. கமலாவை 4 என்று எண்ணி 16 போடுகிறது. சரி, குறிகளை விட்டுவிட்டு எழுத்தாக எண்ணலாம் என்று அதையும் செய்து பார்த்தேன். அப்போதும் நேராகவில்லை. கூரியர் நியூவில் தமிழே கிடையாது. விண்டோஸ் தானாகவே நிர்மலா யூஐ போன்ற வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அதில் 'ர' ஒடுக்கம், 'ணை' அகலம். எத்தனை எழுத்து என்று எண்ணுவதை விட்டுவிட்டு எத்தனை பிக்சல் என்று அளந்தால்தான் வேலை ஆகும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அளக்க டிகிண்டரிலேயே வழி இருக்கிறது. எழுத்துருவின் மெஷர் செயற்பாட்டில் பெயரைக் கொடுத்தால் அகலத்தைப் பிக்சலில் சொல்லும். பட்டியலில் மிக அகலமான பெயரை அளந்து, அதற்கு அப்பால் டேப் நிறுத்தங்களை (டேப் அழுத்தினால் எழுத்து போய் நிற்கும் இடங்கள்) வைத்தேன். தொகைக்கு வலப்பக்க நிறுத்தம். ஸ்பேஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு டேப். நேராக நின்றது.

அப்புறம் அம்மா, ஒரு வரியைத் தொட்டால் அந்த மாதத் தவணையைப் பதிய வேண்டும் என்று கேட்டார். அதற்கு டெக்ஸ்ட் விட்ஜெட் தோதுப்படாது என்று, டிகிண்டரிலேயே அட்டவணையாகக் காட்டும் ட்ரீவியூவுக்கு மாறினேன். பத்திகளை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் வரி உயரம் இயல்பாக 20 பிக்சல்தான். பெரிய எழுத்து வைத்ததும் 'மு', 'கூ' எல்லாம் கீழே வெட்டுப்பட்டன. எழுத்துருவின் லைன்ஸ்பேஸ் (ஒரு வரிக்குத் தேவையான உயரம்) அளவோடு 6 பிக்சல் கூட்டி ஸ்டைலில் ரோஹைட் (வரி உயரம்) என்று கொடுத்த பிறகுதான் முழு எழுத்தும் தெரிந்தது.

மறுமொழி 1

ட்ரீவியூவில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன் நண்பரே, உங்களுக்கும் கட்டாயம் வரும். உறுப்பினர் எண் 0047. திரையில் 0047 என்றே அழகாகத் தெரிகிறது. வரியைத் தொட்டு, ஐட்டம் என்ற செயற்பாட்டைக் கொண்டு அதன் வேல்யூஸ் (வரியில் உள்ள மதிப்புகள்) கேட்டால் 47 வருகிறது! எண் போலத் தெரிவதையெல்லாம் டிகிண்டர் எண்ணாகவே மாற்றிவிடுகிறது. தரவுத்தளத்தில் 47 என்று தேடி, அப்படி ஒருவரே இல்லை என்று வந்தது. இரண்டு நாள் தரவுத்தளத்தில்தான் பிழை என்று அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன். இப்போது வரியைச் சேர்க்கும்போதே உறுப்பினர் எண்ணை அந்த வரியின் ஐஐடி-யாக (ட்ரீவியூ வரியை அடையாளம் காணும் பெயர்) கொடுத்துவிடுகிறேன். செலக்‌ஷன் கேட்டால் 0047 அப்படியே திரும்பி வருகிறது.

மறுமொழி 2

தலைப்பைத் தொட்டால் வரிசைப்படுத்தும் வசதி வைத்திருக்கிறீர்களா? தொகையைச் சரமாகவே (எழுத்துகளின் தொடராக) விட்டால் 1000 முதலில் வந்து 200 பின்னால் போகும். அதை எண்ணாக மாற்றி ஒப்பிட்டால் தீர்ந்தது. பெயர்தான் சிக்கல். கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 'ன' எழுத்து 'ந'-வுக்கு அடுத்தே இருப்பதால் கனகா முந்தி, கமலா பிந்தி வருகிறார். நம் அகராதி வரிசையில் 'ன' கடைசி, கமலாதான் முதலில் வர வேண்டும். புள்ளியும் அப்படித்தான், யூனிகோடில் அது உகரக் குறிக்குப் பின்னால் இருப்பதால் சக்திக்கு முன்னால் சகுந்தலா வந்துவிடுகிறார். நோட்டில் அகர வரிசையில் பெயர் தேடிப் பழகியவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இரண்டு சொற்களை அகராதி முறைப்படி ஒப்பிடும் செயற்பாடு இருக்கிறது. நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தொடங்கியவர்

இருவருக்கும் நன்றி. உறுப்பினர் எண்ணை இன்றே ஐஐடி-க்கு மாற்றிவிட்டேன். எங்கள் குழுவிலும் 0012 என்று ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் தவணை வசூல், அதற்குள் அகர வரிசையையும் சரிசெய்ய வேண்டும்.