ஐயாவின் பாட்டுகளை முதலில் சேர்ப்போம்

அன்புச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பள்ளியில் நமக்குத் தமிழும் கபடியும் சொல்லித் தந்த தமிழையா பெயரில் கோப்பை வைக்கலாம், படத்திறப்பு நடத்தலாம் என்று ஆளுக்கொரு யோசனை வருகிறது. தாராளமாகச் செய்வோம். அதற்கு முன்னால் அவர் கட்டிய பாட்டுகளைச் சேர்த்தாக வேண்டும். வீட்டில் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒரு நோட்டுக்கூட இல்லை. எல்லாம் நம் வாயில்தான் கிடக்கிறது.

கபடி ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய விதிப்படி பாடிப் போகிறவன் 'கபடி கபடி' என்று மட்டும் சொல்லி 30 நொடிக்குள் திரும்ப வேண்டும். பழைய சடுகுடுவில் கடிகாரம் ஏது? மூச்சுதான் கணக்கு, அதை நிறுத்துப் பார்க்கத்தான் பாட்டு. போட்டிக்கு எப்படியோ, பயிற்சிக்கு ஐயா அந்தப் பழைய வழியைத்தான் வைத்திருந்தார். எனக்கு நன்றாக நினைவிருப்பது இது:

கோட்டைத் தாண்டி வாரேன்டா
கோழி போல நிக்காதே
பாட்டை நிறுத்த மாட்டேன்டா
பக்கம் வந்து சிக்காதே

கடைசிச் 'சிக்காதே'யைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடுக்கோட்டுக்கு வந்து சேர வேண்டும். ஐயா நம் காலைப் பார்க்கவே மாட்டார். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி கோட்டோரமாகக் கூடவே நகர்வார். நடுவில் திருட்டு மூச்சு வாங்கினால் விசில் பறக்கும்.

மறுநாள் அதே பாட்டு கரும்பலகைக்கு வந்துவிடும். "கோட்டை, பாட்டை எதுகை. கோட்டை, கோழி மோனை. ஏன்டா உனக்கு இது மறக்கலைன்னு இப்பத் தெரியுதா?" என்பார். யாப்பு என்றாலே பின்பெஞ்சுக்கு ஓடியவர்களும் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம்.

பெண்பிள்ளைகளுக்கு அவர் எழுதித் தந்த கும்மிப் பாட்டுகள் எனக்கு அரைகுறைதான். அக்கா, தங்கச்சிமார்தான் கைகொடுக்க வேண்டும். ஆண்டு விழா வரவேற்புப் பாட்டுகள், உண்மையைச் சொன்னால், சுமார். வருகிறவர் பெயரைச் செருகுவதற்கென்றே கட்டியவை. அவை கிடைக்காவிட்டால் போகட்டும்.

தயவுசெய்து தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். செல்போனில் பாடிப் பதிந்து அனுப்புங்கள். தாளில் மெட்டு நிற்காது, மூச்சு விடும் இடமும் தெரியாது. எந்த வருஷம், எந்தச் சமயத்தில் கேட்டது, நேராக ஐயாவிடம் கேட்டதா, அண்ணன்மார் சொல்லித் தந்ததா என்பதையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், 'உன் வரி தப்பு, என் வரிதான் சரி' என்ற சண்டை வேண்டாம். எதிரணியில் நெட்டையன் நின்றால் ஐயாவே 'கோழி'யைக் 'கொக்கு' ஆக்கிவிடுவார், மோனையும் கெடாது. இரண்டு விதமாக வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

தொண்டை சரியில்லை, பாட வராது என்ற சாக்கும் செல்லாது. ஐயாவுக்கே கட்டைக்குரல்தான்.