பெரியம்மாவுக்காக வாய்மொழிபெயர்த்த ஒரு சுவீடிஷ் படம்

வேற்றுமொழிப் படத்தைத் தனியாகப் பார்ப்பது ஒன்று, ஆங்கிலம் வாசிக்காத ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பார்ப்பது முற்றிலும் வேறொன்று. சுவீடிஷ் எழுத்தாளர் ஸ்டீக் லார்சனின் முதல் நாவலைத் தழுவி 2009-ல் நீல்ஸ் ஆர்டன் ஓப்லெவ் என்ற டேனிஷ் இயக்குநர் சுவீடிஷ் மொழியில் எடுத்த, ஆங்கிலத்தில் 'தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ' எனப்படும் படத்தை நான் என் பெரியம்மாவுடன் பார்த்தேன். இரண்டரை மணி நேரப் படத்தை முடிக்க எங்களுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆயிற்று. சப்டைட்டில் வரி அதிகபட்சம் ஆறேழு நொடிதான் திரையில் நிற்கும். அதை வாசித்துத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வரிகள் போய்விடும் என்பதால், ரிமோட்டின் நிறுத்து பொத்தானிலிருந்து என் கட்டைவிரல் விலகவே இல்லை.

பெரியம்மா பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர் என்பதால், ஒரு குடும்பம் திரையில் வந்தால் முதலில் உறவுமுறை தெளிவாக வேண்டும் அவருக்கு. பத்திரிகையாளர் மிக்கேல் புளோம்குவிஸ்ட் அவதூறு வழக்கில் தண்டனை பெறுவதையெல்லாம் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவருக்குச் சிக்கல் வந்தது வாங்கர் குடும்பத்தில். முதிய தொழிலதிபர் ஹென்ரிக் வாங்கர், 1966-ல் பதினாறு வயதில் தீவிலிருந்து காணாமல் போன ஹாரியட்டுக்கு என்ன ஆனது என்று கண்டறியும்படி கேட்டு, மிக்கேலிடம் அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் அவருக்குத் தந்துவந்த உலர்ந்த பூச்சட்டம், அவள் மறைந்த பிறகும் அனுப்பியவர் பெயரின்றி வருடந்தோறும் வந்துகொண்டிருக்கிறது. சுவரில் வரிசையாகத் தொங்கும் அந்தச் சட்டங்களைப் பார்த்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. பெரியம்மா கேட்டதோ, "இவருக்கு அவள் என்ன முறை?"

ஆங்கில வரியில் 'நீஸ்' என்று இருந்தது. நான் அப்படியே விழித்தேன். அண்ணன் மகள் என்றால் மகள் முறை, அக்காள் மகள் என்றால் மருமகள் முறை, இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் நான் எதைச் சொல்வது? இருவருக்கும் வாங்கர் என்பதே குடும்பப்பெயர் என்பதால் தகப்பன் வழிதான் என்று ஊகித்து, "அண்ணன் மகள்" என்றேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் பெரியம்மா உடனே வம்சாவளி போடத் தொடங்கிவிட்டார். பிற்பாடு நாவலைப் படித்தபோது, அங்கே ஹாரியட் ஹென்ரிக்கின் மூத்த அண்ணன் ரிச்சர்டின் பேத்தி என்று கண்டேன். தாளில் ஒரு தலைமுறையைக் கூட்ட வேண்டியிருந்தது. அதைவிட வியப்பு, சுவீடிஷ் மொழியில் சகோதரன் மகள் 'புரூர்ஸ்டோட்டர்', சகோதரி மகள் 'சிஸ்டர்டோட்டர்' என்று தனித்தனியாக இருப்பதும், தந்தையின் சகோதரன் 'ஃபார்புரூர்', தாயின் சகோதரன் 'மூர்புரூர்' என்று நம் சித்தப்பாவையும் மாமாவையும் போலவே பிரிந்து நிற்பதும்தான். அந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் ஆங்கிலம் உட்கார்ந்துகொண்டு இருபக்கத் தெளிவையும் கலக்கிக்கொண்டிருந்தது.

நீ, நீங்கள் என்பதிலும் இதே கதைதான். ஆங்கில வரி எதையும் காட்டிக்கொடுக்காததால் நானாகவே மரியாதையைப் பங்கிட்டேன். ஹென்ரிக்கும் மிக்கேலும் ஒருவரையொருவர் நீங்கள் என்றார்கள். கணினிகளுக்குள் புகுந்து வேவுபார்க்கும் நாயகி லிஸ்பெத் சாலந்தர் தன் சட்டப் பாதுகாவலரான வழக்கறிஞர் பியுர்மனிடம் முதலில் நீங்கள் என்றும், அவரைக் கட்டிப்போட்டுக் கணக்குத் தீர்க்கும் இடத்தில் 'நீ' என்றும் பேசினாள். அந்த மாற்றம் என்னையறியாமல் என் வாயில் வந்தது, பெரியம்மாவும் அதை ரசித்தார். உப்சாலாவில் படித்த நண்பர் ஒருவர் பிறகு என் மகிழ்ச்சியைக் கெடுத்தார்: 1960-களின் இறுதியில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, அரச குடும்பத்தாரைத் தவிர்த்து, சுவீடனில் எல்லோரும் எல்லோரையும் 'டூ' என்றுதான் அழைக்கிறார்கள். நான் கொடுத்த மரியாதையும் இல்லை, நான் பறித்த மரியாதையும் இல்லை. ஆனாலும் தமிழில் அந்த இடத்தை வேறெப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பியுர்மன் லிஸ்பெத்தை வன்கொடுமை செய்யும் காட்சி வரப்போகிறது என்று எனக்கு முன்பே தெரியும். பெரியம்மா பக்கத்தில் இருக்கிறாரே என்று "கொஞ்சம் நீளமான இடம்" எனச் சொல்லி வேகமாக ஓட்டிவிட்டேன். விளைவு, அவள் திரும்பிவந்து அந்த ஆளின் வயிற்றில் பச்சைகுத்தும்போது பெரியம்மாவுக்கு அவள் கிறுக்குப் பிடித்தவளாகத் தெரிந்தாள். "இத்தனை கொடூரமா? அப்படி என்ன செய்தார் அவர்?" என்று கேட்டார். காட்சியாகக் காட்டக் கூசியதை அப்போது நான் சொற்களில் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் எத்தனை சுற்றி வளைத்து! சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "இதை மறைத்துவிட்டால் மீதிப் படத்தில் என்ன இருக்கிறது?" என்றார். படத்தின் மூலத் தலைப்பே 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்பதுதான் என்று நான் சொன்னபோது, அதை எதற்காக ஆங்கிலத்தில் பச்சைகுத்திய பெண் என்று மாற்றினார்கள் என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். சுவீடனில் 18 விழுக்காட்டுப் பெண்கள் ஒருமுறையேனும் ஓர் ஆணால் மிரட்டப்பட்டிருக்கிறார்கள் என்ற வரியோடுதான் நாவலின் முதல் பாகமே தொடங்குகிறது. லார்சன் 2004 நவம்பரில் மாரடைப்பால் இறந்துவிட்டார், நாவல் வெளிவந்தது 2005-ல். எந்தத் தலைப்பைப் பற்றியும் அவரிடம் இனி கேட்க முடியாது.

நான் வாயைத் திறக்காமல் இருந்த சில நிமிடங்கள்தான் அன்றிரவின் சிறந்த பகுதி. காணாமல் போன நாளில் ஊர்வலத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை மிக்கேல் கணினியில் அடுத்தடுத்து ஓட்டுகிறான். வசனம் இல்லை. கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் பார்க்க, ஹாரியட்டின் முகம் மட்டும் ஒரு புகைப்படத்திலிருந்து அடுத்ததற்குள் மெல்லத் திரும்பி, தெருவின் எதிர்ப்புறத்தில் யாரையோ கண்டு இறுகுகிறது. "யாரையோ பார்த்துப் பயந்துவிட்டாள்" என்று எனக்கு முன்பே பெரியம்மா சொன்னார்.

ஹாரியட்டின் நாட்குறிப்பில் இருக்கும் ஐந்து பெயர்களும் எண்களும் வேறு கதை. 32016 என்றால் மூன்றாம் ஆகமமான லேவியராகமத்தின் 20-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம். நாவலில் மிக்கேலின் மகள் பெர்னிலாவின் பேச்சிலிருந்து இது துலங்குகிறது. படத்தில் மகளே இல்லை, மிக்கேலின் கணினிக்குள் புகுந்து வேவுபார்க்கும் லிஸ்பெத் அதைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் அனுப்புகிறாள். நாவலை நேசிப்பவர்கள் என்ன சொன்னாலும், இருவரையும் ஒன்று சேர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. லிஸ்பெத்தாக நடிக்கும் நூமி ரபாஸ் அந்த மின்னஞ்சலை அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கும் இடத்தில் சப்டைட்டிலே தேவைப்படவில்லை.

கொலைகாரன் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெரியம்மாவின் தாளில் அந்தப் பெயரைச் சுற்றி முன்கூட்டியே ஒரு வட்டம் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் படத்தின் குறுந்தட்டைப் போட்டபோது, என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.