ஜேடிபிசி இயக்கி வகைகளுக்குப் பெயர்கள்: ‘பாலவழி’ முதல் ‘நேரடி’ வரை

வணக்கம்.

ஜாவா நிரல்கள் தரவுத்தளங்களோடு பேச உதவும் இடைமுகம் ஜேடிபிசி. அதில் வரும் ‘டிரைவர்’ என்பதற்கு ‘இயக்கி’யைக் கைவிட்டு ‘இணைப்பி’ என்று சொல்லலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இயக்கிகளை நிர்வகிக்கும் டிரைவர்மேனேஜர் என்ற ஜாவா வகுப்பிடம் தரவுத்தளத்தின் முகவரியைக் கொடுத்தால் நமக்குக் கிடைக்கும் பொருள் கனெக்‌ஷன். அதை எல்லோரும் ‘இணைப்பு’ என்றே எழுதுகிறோம். ‘இணைப்பி இணைப்பைத் தருகிறது, இணைப்பை மூடினாலும் இணைப்பி நினைவகத்தில் இருக்கும்’ என்று எழுதிப் பாருங்கள். புதிதாகப் படிக்கும் மாணவர் இரண்டாம் வரியிலேயே தடுமாறுவார்.

‘இயக்கி எதையும் இயக்கவில்லையே’ என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அச்சுப்பொறி இயக்கி ஒரு கருவியை வேலை செய்ய வைக்கிறது. தரவுத்தள இயக்கியோ ஜாவா அழைப்புகளை அந்தத் தரவுத்தளத்துக்குப் புரியும் வடிவில் கொண்டுசேர்த்து, வரும் விடையை ஜாவாப் பொருளாக்கித் தருகிறது. அதற்காக ‘மொழிபெயர்ப்பி’ என்றால் கம்பைலரோடு குழப்பம் வரும். ‘இயக்கி’ வேரூன்றிவிட்ட சொல், அது இருக்கட்டும். நம் உழைப்பு தேவைப்படும் இடம் வேறு.

1997இல் ஜாவா உருவாக்கத் தொகுப்பான ஜேடிகே 1.1 உடன் ஜேடிபிசி வந்த காலம் தொட்டு இயக்கிகளை முதல் வகை, இரண்டாம் வகை என்று எண்ணிட்டே கற்பிக்கிறார்கள். எண் எதையும் விளக்குவதில்லை; தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே எது நிற்கிறது என்பதே இவற்றுக்குள் உள்ள வேறுபாடு. அதையே பெயராக்கிவிடலாம் என்பது என் முன்மொழிவு. முதல் வகை தொடங்கி நான்காம் வகை வரை வரிசையாக: பாலவழி இயக்கி, நிரலகவழி (நிரலகம் என்பது ‘லைப்ரரி’) இயக்கி, நடுச்சேவையகவழி இயக்கி, நேரடி இயக்கி.

பாலவழியில் ஜேடிபிசி அழைப்பு, தரவுத்தளங்களை அணுகுவதற்கான மற்றொரு பொது இடைமுகமான ஓடிபிசியின் அழைப்பாக மாறி, பிறகு ஓடிபிசி இயக்கியின் வழியே தரவுத்தளத்தை அடைகிறது. ஜாவா 8இலேயே இந்தப் பாலத்தை நீக்கிவிட்டார்கள், இதற்குப் பெயர் எதற்கு என்று கேட்கலாம். பழைய நிரலைப் புதிய ஜாவாவில் ஓட்டி, ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ பிழையோடு நிற்பவருக்கு என்ன காணாமல் போனது என்று சொல்லியாக வேண்டுமே.

நிரலகவழிக்கும் நேரடிக்கும் உள்ள வேறுபாட்டை ஆரக்கிள் தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் முகவரியிலேயே காணலாம். ‘ஜேடிபிசி:ஆரக்கிள்:’ என்பதற்குப் பின் ‘ஓசிஐ’ என்று எழுதினால், நிரல் ஓடும் கணினியில் ஆரக்கிளின் கிளையன்ட் நிரலகங்கள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அவை சி மொழியில் எழுதி அந்தந்த இயங்குதளத்துக்கெனத் தொகுக்கப்பட்டவை. லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு வேறொன்று. அதே இடத்தில் ‘தின்’ (மெல்லிய) என்று எழுதினால் இயக்கியின் ஜாவா நிரல்களைக் கட்டிவைத்த ஜார் கோப்பு ஒன்றே போதும். இயக்கியே சாக்கெட் என்னும் வலையமைப்புத் தொடர்பைத் திறந்து தரவுத்தளத்தின் நெறிமுறையில் பேசுகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகியவற்றுக்கு இன்று நாம் வழக்கமாகப் பயன்படுத்துபவையும் இவ்வகையே. ‘தின்’ என்பதைப் பார்த்து ‘மெல்லியக்கி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனம் தன் இயக்கிக்கு வைத்த பெயரின் நேர்பெயர்ப்பு. வகை முழுவதற்கும் பொருந்தாது. ‘தூய ஜாவா இயக்கி’யும் போதாது. மூன்றாம் வகையான நடுச்சேவையகவழியின் கிளையன்ட் பகுதியும் முழுக்க ஜாவாதான். அது நடுவிலுள்ள சேவையகத்தோடு பேச, அச்சேவையகம் தரவுத்தளத்தோடு பேசுகிறது. ஆகவே ‘நேரடி’ என்ற சொல்தான் நான்காம் வகையைப் பிரித்துக் காட்டுகிறது.

இரண்டாம் வகையின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘நேட்டிவ்’ என்பதற்கு ‘தாய்மொழி’, ‘உள்ளூர்’ என்று வந்த பரிந்துரைகள் பொருளைத் திரிக்கின்றன. ஒரு பொறிக்கெனத் தொகுத்த நிரல் என்பதே அங்கே கருத்து. ‘நிரலகவழி’ என்றால் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டியதில்லை. ‘நூலகவழி’ என எழுதலாமா என்றும் யோசித்தேன். புத்தகங்கள் இருக்கும் இடம்தான் முதலில் மனத்தில் எழுகிறது.

எனக்கு நிறைவு தராதது ‘நடுச்சேவையகவழி’ மட்டுமே. நீளமாக இருக்கிறது, வாய்விட்டுச் சொன்னால் நாக்கு இடறுகிறது. ‘இடையகவழி’ என்று சுருக்கலாம். ஆனால் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடமான ‘பஃபர்’ என்பதற்கு ‘இடையகம்’ என்று எழுதும் வழக்கம் இருப்பதால் தயங்குகிறேன். இதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்ற மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடலாம்.