லெகோவில் ஒன்பது வளைவுப் பாலம்: வளைவு எப்படி வரும்? 1921 துண்டு சாத்தியமா?

பண்டாரவளை டீச்சர்:

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தை லெகோவில் கட்டத் திட்டம். 300 அடி நீளம், 25 அடி அகலம், 80 அடி உயரம் என்ற அளவை வைத்துக்கொண்டு தொடங்கியிருக்கிறோம். மேசையில் கிடைக்கிற இடம் 3 அடிக்கு 2 அடி.

மூன்று கேள்வி. ஒன்று, எந்த அளவுவிகிதம் சரி? இரண்டு, பாலம் நேர்கோட்டில் இல்லை, வளைந்து போகிறது. சதுரக் கட்டையில் அந்த வளைவை எப்படிக் கொண்டுவருவது? மூன்று, லெகோவின் சாட்டர்ன் ஐந்து ரொக்கெட் செட்டில் (21309) நிலவில் இறங்கிய ஆண்டுக்காக 1969 துண்டு வைத்தார்களே, அதுமாதிரி பாலம் முடிந்த 1921ஐ வைத்து 1921 துண்டில் முடிக்க முடியுமா? மேலே ரயில் ஓடினால் இன்னும் நல்லது.

ஸ்டட்_எண்ணி:

டீச்சர், ஓடும் ரயிலை இந்த மேசையில் மறந்துவிடுங்க. லெகோ தண்டவாளத்தின் இரு கம்பிக்கு நடுவில் 37.5 மி.மீ. நம்ம ரயிலின் அகலப் பாதையில் (பிராட் கேஜ்) அது 1676 மி.மீ. வகுத்தால் 1:45 வரும். அந்தக் கணக்கில் பாலம் மட்டும் 2 மீட்டர் நீளம், அரை மீட்டருக்கு மேல் உயரம். லெகோவின் வளைவுத் தண்டவாளமோ 320 மி.மீ. ஆரம்; 1:45இல் பார்த்தால் 14 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அப்படி ஒரு மலைப்பாதை கிடையாது. பாலம் பாலமாகத் தெரியாது, ரயில்பெட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும்.

1:200 எடுங்க. அதில் மூன்று விஷயம் தானாகவே பொருந்துகிறது:

300 அடி 457 மி.மீ. ஆகிறது. 1×6×2 ஆர்ச் கட்டையை (எண் 3307) ஒரு கண்ணுக்கு, அதாவது பாலத்தின் ஒரு வளைவுக்கு, ஒன்றாக வரிசையில் வைத்தால் ஒன்பது கண் 54 ஸ்டட் (கட்டையின் மேல் இருக்கிற குமிழ்), அதாவது 432 மி.மீ. மீதி இரு கரைச் சுவருக்குப் போகும். இந்த ஆர்ச்சின் திறப்பு 4 ஸ்டட், கிட்டத்தட்ட அரைவட்டம். பக்கத்துப் பக்கத்து ஆர்ச்சின் கால் இரண்டும் சேர்ந்து 2 ஸ்டட் தடிப்புத் தூணாகும். 80 அடி 122 மி.மீ.; ஆர்ச், மேல்தளம், தூண் தலைப் பிளேட் (கட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு) எல்லாம் கழித்தால் உயர்ந்த தூணுக்குச் சரியாக 10 கட்டை. அகலப் பாதை 8.4 மி.மீ.; ஒரு ஸ்டட் 8 மி.மீ. தண்டவாளக் கம்பிகள் ஒரு ஸ்டட் தள்ளி ஓடினால் போதும்.

தூணை எண்ணும்போது கவனம். ஒன்பது வளைவுக்கு நடுவில் எட்டுத் தூண்தான். இரு முனையிலும் கரைச் சுவர். ஒன்பது தூண் வைத்துவிட்டுப் பிறகு ஏன் இடிக்கிறது என்று கேட்கிறவர்கள் அதிகம்.

வளைவுக்கு வருவோம். ஒவ்வொரு கண்ணும் தனித்தனி நேர்த்துண்டு. அகலத்துக்கு நாலு ஆர்ச்சை ஒட்டி வைத்து, மேலே ஒரு 4×6 பிளேட் போட்டு இறுக்குங்க. வலப்பக்கக் கால் நாலும் தூணின் தலையில் முழுதாகப் பூட்டும். அடுத்த கண்ணின் இடப்பக்கக் கால் அதே தூணில் ஒரே ஒரு ஸ்டட்டில் மட்டும் பிடிக்கும், அந்த ஸ்டட்டைச் சுற்றித் திரும்பும். அதனால் தூணின் தலையை இப்படி முடிக்கணும்: ஒரு வரிசையில் 1×4 பிளேட், மற்ற வரிசையில் வளைவின் உட்பக்க ஓரத்தில் ஒரு 1×1 பிளேட், மீதிக்கு 1×3 டைல். டைலில் ஸ்டட் இல்லாததால் கால் அதன்மேல் வழுக்கித் திரும்பும்.

ஒரு மூட்டுக்கு 3 பாகைக்கு மேல் போகாதீங்க. திரும்பும் மையம் மூலையிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்கு, 3 பாகை திருப்பினால் உட்பக்க மூலை 0.2 மி.மீ. அளவுக்குப் பக்கத்துக் கட்டைக்குள் புக முயலும். லெகோக் கட்டைகளுக்கு இடையில் இயல்பாக விடப்பட்டிருக்கிற இடைவெளியும் அதே 0.2 மி.மீ. அதைத் தாண்டினால் உள்பக்கம் இறுகி, கண் மெதுவாக மேலே எழும்பும். பார்வைக்குத் தெரியாது, இரண்டு நாளில் ஸ்டட் கழன்றிருக்கும்.

பாகையை அளக்க இரண்டு ஏடிஎம் கார்டை ஒன்றாகப் பிடித்து வெளிப்பக்க இடைவெளியில் செருகுங்க. ஒரு கார்ட் 0.76 மி.மீ., இரண்டு சேர்ந்தால் 1.5 மி.மீ. அது கிட்டத்தட்ட 2.7 பாகை தரும். எட்டு மூட்டுக்கு மொத்தம் 22 பாகை. கண்ணுக்கு நல்ல வளைவு, எல்லா மூட்டும் ஒரே மாதிரி.

அடித்தளத்தில்தான் பெரும்பாலும் திட்டம் உடையும். ஒவ்வொரு தூணும் வேறு கோணத்தில் நிற்பதால் பேஸ்பிளேட்டின் ஸ்டட்டில் எதுவும் உட்காராது. நடுக்கண்ணை, அதாவது ஐந்தாவதை, மேசை விளிம்புக்கு இணையாக வைத்து அதன் வலப்பக்கத் தூணை மட்டும் பூட்டுங்க. மற்ற ஒவ்வொரு தூணுக்கும், பாலத்தைச் சுற்றிக் கட்டுகிற மலைக்குள் 4×6 ஸ்டட் அளவில் ஒரு குழி விட்டு, அடியில் டைல் பரப்பி, தூணைச் சும்மா நிறுத்தணும். பூட்டிய தூணின் அடியில் டைலுக்குப் பதில் அதே உயரமுள்ள பிளேட். இரு முனையும் நடுவிலிருந்து 3 ஸ்டட் அளவுக்கு ஒதுங்கும். 32×32 பேஸ்பிளேட் இரண்டு பக்கம் பக்கமாகப் போட்டால் எல்லாம் அடங்கும்.

தூண் உயரம் கட்டைக் கணக்கில் 3, 6, 9, 10, 10, 8, 5, 3 என்று தொடங்கலாம். பள்ளத்தாக்கின் படத்தைப் பார்த்துத் திருத்துங்க. ஒவ்வொரு படையிலும் இரு முனையில் கல்வேலை வரியுள்ள 1×2 கட்டை (98283), நடுவில் 2×2. அந்த வரி ஒரு பக்கம்தான் இருக்கு, அது வெளியே பார்க்கணும். இப்படியே ஏற்றினால் நிலைக்குத்து மூட்டெல்லாம் ஒரே கோட்டில் விழுந்து தூண் பிளக்கும். மூன்றாவது படைதோறும் முழு 2×4 போடுங்க.

தண்டவாளத்துக்கு 3 மி.மீ. லெகோ குழாய் இரண்டு, கண்ணுக்கு ஆறு கிளிப். வெளிக்கம்பி உள்கம்பியை விட 3 மி.மீ. நீளம் வேணும். முதலில் வெட்டாதீங்க, பூட்டி முடித்தபின் முனையைச் சமப்படுத்துங்க.

துண்டுக் கணக்கு: ஆர்ச் 36, தளம் 9, கிளிப் 54, கைப்பிடிச் சுவர் 36, தூண் 126, தூண் தலை 24, குழாய் 2. கூட்டினால் 287. ஆக பாலம் 300க்குள் முடிந்துவிடுது டீச்சர். 1921க்கு இன்னும் 1634 வேணும், அதை மலைதான் தின்னணும்.

தேயிலைக் கொழுந்து:

மலையில் 1634 ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. தேயிலைச் செடிக்குப் பச்சை 1×1 வட்டப் பிளேட்டை விட நல்ல பொருள் இல்லை. வரிசை மலைச் சரிவை ஒட்டிச் சமவுயரக் கோட்டில் போகணும், மேலிருந்து கீழாக நேர்கோட்டில் வைத்தால் பார்த்தவுடன் யாரும் தோட்டம் என்று நம்ப மாட்டார்கள். இரண்டு செடிக்கு ஒரு ஸ்டட் என்று நெருக்க முடியாது. ஒரு வரிசை செடி, ஒரு வரிசை வெறும் பழுப்புத் தளம் என்று மாற்றி வையுங்க. ஆறு ஏழு செடிக்கு ஒருமுறை ஒரு இளம்பச்சை, அது கொழுந்து.

காசுக்கு ஒரு யோசனை. கண்டி, ஹட்டன் கடைகளில் கிடைக்கிற வேறு கம்பனிக் கட்டைகளை மலைக்குள்ளும் தேயிலைக்கும் தாராளமாகப் போடலாம். தூணிலும் ஆர்ச்சிலும் கலக்கக் கூடாது. ஒரு கட்டை 0.05 மி.மீ. கூடினாலும் பத்துப் படையில் அரை மி.மீ. ஒரு தூண் உயர்ந்தால் பக்கத்து இரண்டு கண்ணும் சாயும்.

நிறத்தில், பழைய செட் கலந்து வாங்கினால் கவனம். 2004 அளவில் லெகோ சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டது; பழையது மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். கலவையாகத் தூவினால் பழங்கல் மாதிரி அழகு. பாதித் தூண் ஒன்று, மீதி மற்றது என்றால் ஒட்டுப்போட்ட சட்டை. பாசிக்கு ஆலிவ் பச்சை 1×1 பிளேட், தூணின் அடி மூன்று படைக்குள் மட்டும்.

என் கருத்து, 1921 என்று எண்ணுவது அழகுதான், ஆனால் எண்ணிக்கைக்காக மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துண்டு திணிக்காதீங்க. வெளியே தெரிகிற செடியில் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுங்க.

மலைப்பாதை_மோட்டார்:

ஓடும் ரயில்தான் பிள்ளைகளுக்கு வேணும் என்றால் பாலத்தைத் தொடாமல் தெமோதரை வளைசுற்றைத் தனியாக ஒரு மூலையில் செய்யலாம். பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்குக் கீழேயே குகைக்குள் போகிற இடம். விஞ்ஞானமும் அதில்தான் இருக்கு.

மலையகப் பாதையின் ஏற்றம் 44க்கு 1 வரை போகும். லெகோ நேர்த்தண்டவாளம் ஒரு துண்டு 128 மி.மீ.; அதற்கு ஒரு பிளேட் (3.2 மி.மீ.) ஏற்றினால் 40க்கு 1. கிட்டத்தட்ட நிஜம். ஆனால் சிக்கல் இதில்தான்: முழு வட்டத்துக்கு 16 வளைவுத் துண்டு, ஏற்றம் 16 பிளேட், 51 மி.மீ. தான். ரயில் உயரம் 10 கட்டை, மேல் தண்டவாளம் ஒரு கட்டை, தாங்கும் பிளேட் ஒன்று, மொத்தம் 34 பிளேட் வேணும். உரசாமலிருக்க 36 வையுங்க. ஆகவே 16 வளைவோடு 20 நேர்த்துண்டு சேர்த்து நீள்சுற்றாக்கணும். அது 2 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம்.

துண்டுக்கு இரண்டு பிளேட் ஏற்றி இடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க. 20க்கு 1இல் மூட்டு மடிந்து திறக்கும், மோட்டார் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும், காந்த இணைப்பு பின்பெட்டியைக் கைவிடும். 40க்கு 1இலும் மூன்று பெட்டிக்கு மேல் கொளுவ வேண்டாம். பற்றரிப் பெட்டி மோட்டாருக்கு நேர் மேலே இருக்கணும், அந்தப் பாரம்தான் பிடிமானம். பவர்ட் அப் (லெகோவின் மோட்டார் தொகுதி) பெட்டிக்கு ட்ரிபிள் ஏ பற்றரி ஆறு. சார்ஜ் பண்ணுகிற வகை போட்டால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2, வேகம் குறையும், ஏற்றத்தில் அது பரவாயில்லை.

பண்டாரவளை டீச்சர்:

மிக்க நன்றி. வளைசுற்றுக்கு இடமில்லை, பாலம் மட்டும்தான். சோதனைக்கு நாலு கண் கட்டிப் பார்த்ததில் ஒரு பிரச்சினை: கார்ட் வைத்து அளந்தும் இரண்டாவது மூட்டு மூடிக்கொள்கிறது, மூன்றாவது 3 மி.மீ. திறக்கிறது. குழாய் பூட்டினதும் இன்னும் மோசம்.

ஸ்டட்_எண்ணி:

இரண்டு இடத்தைப் பாருங்க. கைப்பிடிச் சுவருக்கு 1×12 பிளேட் போட்டிருக்கீங்களா? அது இரண்டு கண்ணை நேராகப் பூட்டிவிடும், அந்தத் திருப்பம் முழுக்க அடுத்த மூட்டுக்குப் போகும். சுவர் ஒரு கண்ணுக்கு 1×6, மூட்டுக்கு மேல் எதுவும் தாண்டக் கூடாது. அது சரியாக இருந்தால் தூண் தலையில் 1×1 பிளேட் வெளிப்பக்கம் மாறி வைத்திருப்பீங்க.

குழாய் ஒரு முனையிலிருந்து வரிசையாக அழுத்தினால் இழுவை எல்லாம் கடைசி மூட்டில் சேரும். நடுக்கண்ணில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் பூட்டுங்க, அந்த நேரம் எட்டு மூட்டிலும் கார்ட் செருகியே இருக்கணும். அத்தனை கார்ட் இல்லையென்றால் 1.5 மி.மீ. தடிப்பில் மட்டையை வெட்டிக்கொள்ளலாம். சுருட்டி வந்த குழாய் என்றால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு நேராக்குங்க. கொதிநீர் வேண்டாம்.

ஊவா_கணக்கு:

டீச்சர், விஞ்ஞானக் கண்காட்சி என்பதால் ஒன்று சொல்லணும். நிஜப் பாலம் கல், செங்கல், சிமெந்தில் நிற்கிறது, இரும்புச் சட்டம் இல்லை. லெகோ ஆர்ச்சோ ஒரே வார்ப்பு, அது உத்தரம் மாதிரி வேலை செய்கிறது. வளைவு ஏன் நிற்கிறது என்பதை அது காட்டாது. நடுவர் கேட்டால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

பக்கத்தில் ஒரு தனி வளைவு வையுங்க. பலகையில் ஒன்பது ஆப்புத் துண்டு, ஒவ்வொன்றும் 20 பாகை. உள் ஆரம் 10 செ.மீ., வெளி ஆரம் 14 என்றால் ஒவ்வொரு துண்டின் உள்விளிம்பு 3.5 செ.மீ., வெளிவிளிம்பு 4.9, உயரம் 4. பசை கூடாது. ரெஜிபோமில் அரைவட்டம் வெட்டி அதன்மேல் அடுக்கி, இரு அடியிலும் தடித்த புத்தகத்தை அண்டக் கொடுத்து, உச்சித் துண்டைக் கடைசியாக இறக்கி, அரைவட்டத்தைக் கீழாக உருவுங்க. நிற்கும். உச்சியில் ஒரு கிலோ சீனி வைத்துவிட்டு ஒரு பக்கப் புத்தகத்தை மெல்ல விலக்கினால் அடி வெளியே தள்ளி வளைவு உட்காரும். கரைச் சுவர் எதற்கு என்பது அப்போது புரியும்.

துண்டு பிடிக்காமல் விழுந்தால் பெரும்பாலும் வெட்டுக் கோணம் ஒரு பாகை பிசகியிருக்கும். உப்புத்தாளில் தேய்த்து எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுங்க. அந்த ஒன்பது பலகைத் துண்டை 1921இல் சேர்க்க வேண்டாம்.