டிவைடர் எண்ணைப் பாதியாக்கினால் 6 டெசிபலா, 3 டெசிபலா?

பத்து_கிகா
அமெச்சூர் ரேடியோக்காரர்களின் கியூஓ-100 செயற்கைக்கோளுக்கு 2400 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறவர்களுக்காக ஒருவர் நேற்று வகுப்பு எடுத்தார். "ஏடிஎஃப்4351 போர்டில் பிஎஃப்டி அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குங்கள், டிவைடர் எண் பாதியாகும், கட்ட இரைச்சல் 6 டெசிபல் குறையும்" என்றார். புதியவர்களுக்கு: ஏடிஎஃப்4351 என்பது கிரிஸ்டல் அதிர்வெண்ணைப் பெருக்கித் தரும் லூப் சிப். விசிஓ என்ற, வோல்ட்டேஜால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டரின் வெளியீட்டை டிவைடர் வகுக்கும்; கிரிஸ்டலிலிருந்து வருவதோடு அதை ஒப்பிடுவது பிஎஃப்டி, ஒப்பிடும் வேகம்தான் பிஎஃப்டி அதிர்வெண். கட்டம் நடுங்குவதால் கேரியர் எனும் நடு அதிர்வெண்ணைச் சுற்றி வருவது கட்ட இரைச்சல். எத்தனை வருடமாக இதையே கேட்பது? குறைவது 3 டெசிபல்தான். சிப்பின் டேட்டாஷீட்டில் இரைச்சல் தளம் −220 என்று இருக்கிறது. அதோடு 20 லாக் டிவைடர் எண்ணையும் 10 லாக் பிஎஃப்டி அதிர்வெண்ணையும் கூட்ட வேண்டும். 12.5 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் டிவைடர் 192, விடை −103.4. 25 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் டிவைடர் 96, விடை −106.4. கழித்துப் பாருங்கள்.

லூப்_மணி
வகுப்பு எடுத்தது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம் சார். லூப்புக்குள் வருகிற இரைச்சல் டிவைடர் எண்ணால் பெருகும். 20 லாக் 2 என்றால் 6. டிஷ்ஷில் இருக்கும் எல்என்பி ரிசீவர் பெட்டியில் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 390 மடங்காக்கி 9750 எடுக்கிறோம், இரைச்சல் 52 டெசிபல் ஏறுகிறது. அங்கே 20 லாக் சரி, இங்கே மட்டும் 10 லாக்கா?

பத்து_கிகா
நான் எங்கே கிரிஸ்டலைப் பற்றிப் பேசினேன்? நம் போர்டில் கிரிஸ்டல் அதே 25 மெகாஹெர்ட்ஸ்தான். முன்னால் இரண்டால் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் அதிலிருந்து 2400 வரை பெருக்கம் 96 மடங்குதான். கிரிஸ்டல் இரைச்சலில் ஒரு டெசிபல்கூட மாறாது. மாறுவது பிஎஃப்டியும் அதன் பின்னால் விசிஓவை நகர்த்தும் சார்ஜ் பம்பும் தருகிற இரைச்சல். பிஎஃப்டி இரண்டு மடங்கு வேகமாக ஓடும்போது அதன் சொந்த இரைச்சல் 3 டெசிபல் ஏறுகிறது. 6-இல் 3 போனால் 3.

லூப்_மணி
50 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால்? அதே தரத்தில் கிடைத்தால் 6 டெசிபல் குறையுமா இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பத்து_கிகா
நீங்கள் வகுப்பில் கிரிஸ்டலை மாற்றச் சொல்லவில்லை. 3 டெசிபல்.

கடலோரம்
அண்ணா, நான் இன்று காலையில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். கேரியரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பார்த்தால் 3-உம் இல்லை, 6-உம் இல்லை. ஒன்றுமே மாறவில்லை.

பத்து_கிகா
தம்பி, எதை வைத்து அளந்தீர்கள்? யூஎஸ்பி டாங்கிள் ரிசீவர் என்றால் அதன் உள் ஆசிலேட்டர் இரைச்சலைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள். இரண்டு முறையும் அதே டாங்கிள், அதே இரைச்சல்.

கடலோரம்
டாங்கிள்தான். சரி. ஆனால் கேரியருக்கு அவ்வளவு பக்கத்தில், நெருங்க நெருங்க ஏறும் ஃபிளிக்கர் இரைச்சல்தான் மேலே நிற்கும், அது பிஎஃப்டி அதிர்வெண்ணைப் பார்ப்பதே இல்லை என்று அதே டேட்டாஷீட்டில் இருக்கிறது. நாம் பேசும் எஸ்எஸ்பி முறையில் குரல் 300-இலிருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. நம் காதுக்குப் பட வேண்டிய இடத்தில் உங்கள் 3 டெசிபல் எங்கே?

பத்து_கிகா
100 கிலோஹெர்ட்ஸ் லூப் அகலம் (லூப் திருத்தும் எல்லை) வைத்து 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பாருங்கள், 3 டெசிபலை நெருங்கும். ஃபிளிக்கரை இப்போது இழுக்காதீர்கள். கேள்வி 6-ஆ 3-ஆ என்பது.

தமிழ்க்கம்பி
முதலில் 'பேஸ் நாய்ஸ்' என்று எழுதுங்கள். கட்ட இரைச்சல் என்றதும் கட்டட வேலையில் கேட்கும் இரைச்சல் என்று நினைத்துவிட்டேன்.

ஏரிக்கரை_ஆசிரியர்
பள்ளி இயற்பியலில் 'கட்ட வேறுபாடு' படித்துத் தேர்வு எழுதினோமே, அப்போது எந்தக் கட்டடம் நினைவுக்கு வந்தது? 'பேஸ்' என்று எழுதினால் அடித்தளம் என்று படிப்பவர்களும் உண்டு.

தமிழ்க்கம்பி
பட்டறையில் யாரும் கட்டம் என்று சொல்வதில்லை சார். உங்கள் வகுப்பறையில் சொல்லுங்கள்.

லூப்_மணி
பத்து_கிகாவின் கோபம் எல்லாம் போன தீபாவளியோடு சேர்ந்தது. நான் போட்ட லூப் ஃபில்டர் படத்தை அன்று கிழித்தார், இன்று வகுப்பைக் கிழிக்கிறார்.

பத்து_கிகா
கிழித்தேன், இன்றும் கிழிப்பேன். விசிஓவுக்கு முன்னால் 10 கிலோ ஓம் வைத்திருந்தீர்கள். அந்த ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 13 நானோவோல்ட். விசிஓ ஒரு வோல்ட்டுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் நகரும். 100 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அந்த ஒரு ரெசிஸ்டரே −109 கொடுக்கும். லூப்பைக் குறுக்கி வைத்ததால் அதை அடக்கவும் வழியில்லை. 1 கிலோ ஓம் போட்டிருந்தால் 10 டெசிபல் கீழே போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய விசிஓவை 1 ரூபாய் ரெசிஸ்டர் கெடுக்கிறது, இதைச் சொன்னால் கோபமா?

லூப்_மணி
லூப்பைக் குறுக்கினால்தான் ஸ்பர், அதாவது கேரியர் பக்கத்தில் முளைக்கும் தேவையற்ற சிக்னல், அடங்கும்.

பத்து_கிகா
ஸ்பர் வேறு, இரைச்சல் வேறு. லூப்பில் கட்டுப்படாமல் தனியாக ஓடும் விசிஓவின் இரைச்சலும் லூப்புக்குள் இருக்கும் இரைச்சலும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் லூப் அகலத்தை வைக்க வேண்டும். குறுக்கினால் விசிஓ தெரியும், விரித்தால் பிஎஃப்டி தெரியும். இதையும் போன தீபாவளிக்கே எழுதினேன்.

கடலோரம்
நீங்கள் இரண்டு பேரும் யூஎஸ்பி சார்ஜரிலிருந்து போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இதை எல்லாம் பேசுகிறீர்களா? நான் விசிஓவுக்குத் தனியாக எல்டி3042 ரெகுலேட்டர் போட்டேன். 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல்தான். கேரியரின் இரண்டு பக்கமும் நின்ற இரைச்சல் பாவாடை அன்றே சுருங்கியது. டிவைடரைத் தொடவே இல்லை.

பத்து_கிகா
டாங்கிளில் பார்த்ததுதானே?

கடலோரம்
பக்கத்து ஊர் நண்பரின் ரிசீவரில் காதால் கேட்டது. அதையும் தள்ளிவிடுங்கள்.

லூப்_மணி
ரெகுலேட்டர், ரெசிஸ்டர் எல்லாம் இருக்கட்டும். வகுப்பில் இருந்த 14 பேரும் என்னைக் கேட்கிறார்கள். 20 லாக் 2 எவ்வளவு?

பத்து_கிகா
6. அதிலிருந்து 10 லாக் 2-ஐக் கழித்துவிட்டு 14 பேருக்கும் சொல்லுங்கள்.

லூப்_மணி
50 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.