புதுப்பிப்பு: பாதியிலேயே சிவந்துபோகும் வெல்டிங் ராடு

2.5 மி.மீ. 6013 (வெல்டிங் ராடில் ஒரு வகை) ராடு பாதி எரிவதற்குள் செக்கச்செவேலென்று சிவந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன் அல்லவா? சரியாகிவிட்டது.

முதல் தவறு கரண்ட். 120 ஆம்பியரில் வைத்திருந்தேன். பாக்கெட்டில் 60 முதல் 90 வரை என்றுதான் போட்டிருக்கிறது. இப்போது 80.

ஆனால் பெரிய காரணம் வேறு. தொடக்கத்தில் ராடு வெல்டு செய்யும் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்போது பதற்றத்தில் ஆட்டிக்கொண்டே நிற்பேன். அந்தச் சில நொடிகளில் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் முழு ராடு வழியாகவும் பாய்ந்து அதைச் சுடவைத்துவிடுகிறது. இப்போது ஒட்டினால் சட்டென்று முறுக்கி எடுக்கிறேன், வராவிட்டால் உடனே ஹோல்டரிலிருந்து (ராட்டைப் பிடித்திருக்கும் கைப்பிடி) விடுவிக்கிறேன். சிவந்த ராட்டை மறுபடி பயன்படுத்துவதில்லை, ஃப்ளக்ஸ் (ராடின் மேல்பூச்சு) கெட்டுப்போயிருக்கும்.

அப்புறம், கடைசி 5 செ.மீ. துண்டு சூடாவது இயல்புதான். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி!